பினாங்குக்குப் போனா சாப்பாட்டில மிச்சம் பிடிக்காதீங்கோ

போன புரட்டாதியில நானும் அம்மாவும் மலேசியாவில இருக்கிற பினாங்குத் தீவுக்குப் போய் அஞ்சு இரவு நிண்டிட்டு வந்தனாங்கள். வந்த நாளில இருந்து கிளிநொச்சியில ஆரைக் கண்டாலும் முதல் கேள்வி, தம்பி எவ்வளவு முடிஞ்சது எண்டுதான். ஒவ்வொருத்தருக்கும் றோட்டில நிண்டு துண்டு துண்டாச் சொல்லுறதைவிட ஒரேயடியா எழுதி வைப்பம் எண்டு நினைச்சன், ஏனெண்டா எங்கட பக்கத்தில இருந்து வெளிநாடு எண்டு வெளிக்கிடுறவை கூடுதலா வேலைக்கோ பிள்ளையளிட்டயோதான் போகினம், சும்மா ஊர் பாத்துச் சாப்பிட்டிட்டு வருவம் எண்டு போறதுக்கு வழி சொல்ல ஆள் இல்லை, எனக்கும் இருக்கேல்லை.

கணக்கை முதல்லயே சொல்லிடுறன். 3 லட்சம் ரூபாய்ச் சீட்டு ஒண்டு கையில கிடைச்சது, ரெண்டு பேற்ற டிக்கெட், விசா, ரூம், ஓட்டம், சாப்பாடு எல்லாம் அதுக்குள்ள அடங்கி கொஞ்சம் மிஞ்சியும் வந்தது. அதில பாதிக்குக் கிட்ட பிளைட் டிக்கெட்டுக்கே போட்டுது. அங்க இறங்கினாப் பிறகு ரெண்டு பேருக்கும் சாப்பாட்டுக்கு, காசு விட்ட ஒரு நாளைத் தவிர, ஒரு நாளைக்கு 60 ரிங்கிட்டுக்கு மேல போகேல்லை, நாங்கள் போகேக்க ஒரு ரிங்கிட் எழுபது ரூபாய்ச் சொச்சம், அப்ப நீங்களே பெருக்கிப் பாருங்கோ. வயிறு முட்ட, ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு தரம் சாப்பிட்டுத்தான் அந்தக் காசு. வெளிக்கிட முதல் எல்லாரும் சொன்ன புத்தி வேற, பிஸ்கட் கொண்டு போ, நூடில்ஸ் பக்கெட் கொண்டு போ, ஒரு நேரம் ரூமிலயே சமாளி எண்டு. அப்பிடிச் செய்யாதீங்கோ. அந்த ஊருக்குப் போறதே வாய்க்காகத்தான். மிச்சம் பிடிக்கிறதெண்டா ரூமில பிடியுங்கோ, ஓட்டத்தில பிடியுங்கோ, சாமான் வேண்டுறதில பிடியுங்கோ, சாப்பாட்டில கை வைக்காதீங்கோ.

ஏன் பினாங்கு எண்டா, அம்மாக்காகத்தான். அவக்கு 63 வயசு, பிளைட்டில ஏறினதில்லை, இங்கிலிஸ் கதைக்கமாட்டா. நான் பக்கத்தில இல்லாட்டிலும் அவ தானாக் கதைச்சு ஒரு தேத்தண்ணி வேண்டிக் குடிக்கக்கூடிய ஊரா இருக்கவேணும் எண்டு நினைச்சன். ஜோர்ஜ் டவுண் எண்ட அந்தப் பழைய நகரத்தில தமிழ் கதைக்கிற ஆக்கள் கடையில, கோயில்ல, காசு மாத்துற இடத்தில எண்டு எங்கயும் இருக்கினம். பிரிட்டிஷ்காரன் 1786இல வந்து இறங்கின துறைமுகம் அது, அந்தக் காலத்தில இருந்தே தமிழ் முஸ்லிம் வியாபாரியளும் துறைமுகத் தொழிலாளியளும் வந்து குடியேறின இடம், 2008இல மலாக்காவோட சேத்து யுனெஸ்கோ பட்டியல்லயும் போட்டிட்டாங்கள்.

ஆயத்தத்தைச் சுருக்கமாச் சொல்லுறன். பாஸ்போட் வவுனியாவில எடுத்தம். விசா ஒன்லைன்ல போடலாம், ஏஜென்சியிட்டக் குடுக்கத் தேவையில்லை, படத்தையும் பாஸ்போட்டையும் வடிவா ஸ்கேன் பண்ணிப் போட்டாச் சரி. அதைவிட மலேசியாவுக்கு ஒரு டிஜிட்டல் வருகை அட்டை இருக்கு, போய் இறங்க முதல் மூண்டு நாளுக்குள்ள அதையும் ஒன்லைன்ல நிரப்பவேணும், அது சும்மா, காசு கேக்கிற வெப்சைட்டுக்குள்ள போயிடாதீங்கோ. திரும்பி வாற டிக்கெட், ரூம் புக்கிங், வேலை செய்யிற இடத்துக் கடிதம், கையில இருக்கிற காசு இவ்வளவையும் பிறின்ட் எடுத்து ஒரு பைலில வச்சுக் கொண்டு போங்கோ, போனில இருக்கு எண்டு நிக்காதீங்கோ. எங்கட பக்கத்துப் பெடியள் எண்டா எயார்போட் இமிகிரேசனில ரெண்டு கேள்வி கூடவா வரும், என்னட்டயும் எங்க நிக்கிறீர், எப்ப திரும்புறீர், ஆர் காசு தந்தது எண்டு கேட்டாங்கள், பைலைத் திறந்து ஒவ்வொண்டாக் காட்டினன், அஞ்சு நிமிசத்தில முடிஞ்சுது. பதட்டப்படாம, கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாக் காணும்.

கிளிநொச்சியில பஸ் ஏறி முறிகண்டியில நிண்ட உடன அம்மா இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டு, வரேக்க ரெண்டு பக்கெட் கச்சானும் வேண்டிக்கொண்டு வந்தா. மலிவு டிக்கெட்டில கையில கொண்டு போறது 7 கிலோதான், அந்த 7 கிலோக்குள்ள கச்சானும் வந்தது. நான் வேண்டாம் எண்டு சொன்னனான், அவ கேக்கேல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்லுறன்.

இரவு பிளைட், விடிய கோலாலம்பூர். அவையின்ர நேரம் எங்களைவிட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு நிக்கும், அதை மறந்தா ரயிலை விட்டிடுவீங்கள். எயார்போட்டில இருந்து நகரத்துக்குப் போற அதிவேக ரயில் ஒராளுக்கு 55 ரிங்கிட், அதே இடத்துக்குப் போற பஸ் அதில மூண்டிலொண்டுகூட இல்லை, ஒரு மணித்தியாலம் அளவு எடுக்கும் அவ்வளவுதான். அங்க கேஎல் சென்ரல் எண்ட பெரிய ரயில் நிலையத்தில இருந்து, பினாங்குக்கு எதிர்க்கரையில இருக்கிற பட்டர்வேர்த்துக்கு ரயில், நாலு மணித்தியாலம் அளவு. பஸ் அதைவிட மலிவு, ஆனா அம்மாக்குக் கால் நீட்டவேணும், இரவு நித்திரையும் இல்லை, அதால போகேக்க ரயில், வரேக்க பஸ். ரயில் டிக்கெட்டை ஒரு மாதத்துக்கு முதலே ஒன்லைன்ல எடுத்து வையுங்கோ, சனி ஞாயிறெண்டா கடைசி நேரத்தில கிடைக்காது.

பட்டர்வேர்த்தில ரயில் நிக்கிற இடத்துக்குப் பக்கத்திலயே பெரி. டாக்சி ஒண்டும் பிடிக்காதீங்கோ, பாலத்தால சுத்திப் போனா அநியாயச் செலவு. பெரிக்கு ரெண்டு ரிங்கிட் அளவுதான், ஆனா அங்க காசுத்தாள் எடுக்கிறது குறைவு, கார்ட்டைத் தட்டித்தான் உள்ளுக்குப் போறது, அதால டச் அண்ட் கோ கார்ட் ஒண்டை நகரத்திலயே வேண்டிக் கையில வச்சிருங்கோ. அந்தப் பெரிக்குள்ளதான் அம்மா கச்சான் பக்கெட்டைப் பிரிச்சா. பக்கத்தில ஒரு வயசான சீன மனுசி இருந்தவ, அம்மா ஒரு பிடி அள்ளி அவற்ற கையில வச்சிட்டா, அந்த மனுசி ஒண்டை உடைச்சுப் பாத்திட்டுச் சிரிச்சுக்கொண்டு காச்சாங், காச்சாங் எண்டா. அம்மா திரும்பி என்னைப் பாத்து, தம்பி இவ கச்சான் எண்டுதானே சொல்லுறா எண்டு கேட்டா. மலாயில கச்சானுக்கு அதுதான் பேர். அந்த நிமிசத்தில இருந்து அம்மாக்கு அந்த ஊரில பயம் விட்டுப் போட்டுது எண்டுதான் நான் சொல்லுவன்.

சொல்லுக்கு வந்திட்டன், அதையும் சேத்துச் சொல்லிடுறன். கடைக்கு அவை கெடாய் எண்டினம், கப்பலுக்கு காப்பல், கறிக்கு காரி, சம்பலுக்கு சம்பல். மீன் ஈக்கான், றால் ஊடாங், கணவாய் சோத்தோங், கோழி ஆயாம், ஆடு காம்பிங். மாட்டிறைச்சி சாப்பிடாத ஆக்கள் லெம்பு, டாகிங் எண்ட ரெண்டு சொல்லையும், பண்டி சாப்பிடாத ஆக்கள் பாபி எண்ட சொல்லையும் மனசில வச்சிருங்கோ. பார்சல் கட்டித் தரச் சொல்லுறதுக்கு புங்குஸ். எங்கட பிளேன்ரீ அங்க தே ஓ, ரின்பால் விட்டு இழுத்து ஆத்தித் தாறது தே தாரிக். இவ்வளவும் ஒரு துண்டில தமிழில எழுதி அம்மாற்ற கைப்பைக்குள்ள வச்சனான், ரெண்டாம் நாள் அவக்கு அந்தத் துண்டே தேவைப்படேல்லை.

ரூம் எடுத்தது சூலியா வீதிப் பக்கம், ஒரு பழைய கடைவீட்டு மாடியில, ரெண்டு கட்டில், பான், குளியலறை வெளியில, ஒரு இரவுக்கு 85 ரிங்கிட். இன்னும் மலிவா தூரத்தில இருந்தது, கடற்கரைப் பக்கமும் இருந்தது, ஆனா நான் வேணுமெண்டுதான் நடந்து சாப்பிடக்கூடிய இடத்தில எடுத்தனான். தூரத்தில 20 ரிங்கிட் குறைவா ரூம் எடுத்திட்டு ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் கார் பிடிச்சா என்ன லாபம். ஒண்டு மட்டும் தெரியாமப் போச்சு, வெளிநாட்டு ஆக்களுக்கு ஒரு ரூமுக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, புக்கிங் பண்ணேக்க காட்டின விலையில அது சேரேல்லை, போய் நிண்ட பிறகு கவுண்டரில கேட்டாங்கள். அஞ்சு இரவுக்கு 50 ரிங்கிட், நீங்கள் முதலே கணக்கில போட்டிடுங்கோ.

இனி சாப்பாடு. அந்த ஊரில ஒரு கடையில எல்லாம் கிடைக்காது, ஒரு ஆள் ஒரு சாமான்தான் செய்வார், அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்திருப்பார். ஒரு பெரிய கொட்டகைக்குள்ளயோ, ஒரு தேத்தண்ணிக் கடை விறாந்தையிலயோ, இல்லாட்டி ஒரு வீதியோரத்திலயோ இப்பிடிப் பத்து இருபது தள்ளுவண்டில் நிக்கும். நாங்கள் முதல்ல ஒரு மேசையைப் பிடிக்கவேணும், மேசையில நம்பர் இருந்தா அதைப் பாத்து வைக்கவேணும், பிறகு ஒவ்வொரு வண்டிலா எழும்பிப் போய்ச் சொல்லிட்டு வந்து இருக்கவேணும், சாப்பாடு மேசைக்கு வரும், வரேக்க அந்த ஆளிட்டயே காசு குடுக்கவேணும். குடிக்கிற சாமான் மட்டும் அந்த இடத்துக்காரரிட்டத்தான் வேண்டவேணும், அதுதான் அவற்ற வருமானம், ஒண்டும் குடிக்காம இருந்தா சில இடத்தில ஆளுக்கு 50 சென், அதாவது அரை ரிங்கிட், போடுவினம். நாங்கள் ஒரு தே ஓவும் ஒரு சுடுதண்ணியும் சொல்லுறது. தனித் தண்ணிக்கு எங்கயும் 30, 50 சென்தான், போத்தல் தண்ணி வேண்டுற பழக்கத்தை விட்டிடுங்கோ.

சின்னது பெரிசு எண்டு ரெண்டு அளவு இருக்கும், எப்பவும் சின்னதைச் சொல்லுங்கோ. ஒரு சின்னதை ரெண்டு பேர் பங்குபோட்டுச் சாப்பிட்டிட்டு அடுத்த வண்டிலுக்குப் போங்கோ. எங்களுக்கு இது வேற ஒரு காரணத்துக்காகவும் முக்கியமாப் போச்சு. அம்மா கோப்பையில ஒரு பருக்கை விடமாட்டா. 2009இல ஒரு கோப்பைக் கஞ்சிக்காக வெய்யிலுக்க வரிசையில நிண்ட மனுசி அவ, நான் அப்ப சின்னப்பெடியன், அவ தன்ர பங்கையும் எனக்கு ஊத்தினது எனக்கு இப்பவும் கண்ணுக்க நிக்குது. முதல் நாள் இரவு நான் ஆசையில நாலு சாமானை ஒரேயடியாச் சொல்லிப் போட்டன், எல்லாம் மேசைக்கு வந்திட்டுது, அம்மாக்கு வயிறு நிறைஞ்ச பிறகும் இருந்து இருந்து முடிச்சவ, எனக்கு அதைப் பாக்க ஏலாமப் போச்சு. அண்டைக்குப் பிறகு ஒண்டு வந்து, முடிஞ்சு, பிறகுதான் அடுத்தது. காசும் அப்பிடித்தான் மிச்சப்பட்டது.

நேரம் பாக்கவேணும். விடியப்புறம் நிக்கிற வண்டில் பத்து மணிக்கு இல்லை, இரவு வாற வண்டில் ஆறு மணிக்கு முதல் வராது, சிலர் கிழமையில ஒரு நாள் ரெண்டு நாள் லீவு. தேடிப் போன சாமான் இல்லையெண்டா பக்கத்தில எது சனமா இருக்கோ அங்க வரிசையில நில்லுங்கோ, அந்த ஊர்ச் சனம் பிழையான இடத்தில வரிசையில நிக்காது.

காலமைக்கு நாங்கள் ஆறரைக்கே இறங்கிடுவம். ரொட்டி சானாய் ஒண்டு ரெண்டு ரிங்கிட்டுக்கு உள்ள, பருப்பும் கறியும் சும்மா ஊத்துவினம், எங்கட பறோட்டா மாதிரித்தான், ஆனா மெல்லிசா மொறுமொறுப்பா. ரெண்டாம் நாள் ஒருத்தர் இடியப்பம் வித்துக்கொண்டு நிண்டார், அதுக்கு அங்க புட்டு மாயம் எண்டு பேர், சொதி இல்லை, சம்பல் இல்லை, தேங்காய்ப்பூவும் சக்கரையும் போட்டு இலையில சுத்தித் தாறார். அம்மா முதல்ல இதென்ன பிள்ளையளுக்குக் குடுக்கிற மாதிரி எண்டா, பிறகு அடுத்த நாளும் அதையே கேட்டா. நாசி லெமாக் எண்டது வாழையிலையில கூம்பாக் கட்டின ஒரு சின்னப் பொட்டலம், தேங்காய்ப்பாலும் ரம்பையும் போட்டு அவிச்ச சோறு, அதுக்க சம்பல், நெத்தலி, முட்டைத் துண்டு, வறுத்த கச்சான். மூண்டு ரிங்கிட். ரயில்ல போறதெண்டா, மலையேறுறதெண்டா ரெண்டு பொட்டலத்தைப் பையுக்க வையுங்கோ, அதைவிட மலிவான சாப்பாடு இல்லை.

நாங்கள் காசு விட்ட இடம் நாசி கந்தார். கந்தார் எண்டா தோளில வச்சுக் காவுற தடி, அந்தக் காலத்தில தமிழ் முஸ்லிம் ஆக்கள் ஒரு தடியின்ர ரெண்டு பக்கமும் சோத்தையும் கறியையும் தொங்கவிட்டுக் காவிக்கொண்டு போய் துறைமுகத்தில வேலை செய்யிற ஆக்களுக்கு வித்தவை, காவடி மாதிரி. இப்ப அது பெரிய பெரிய கடையளாப் போச்சு. கண்ணாடிக்குப் பின்னால இருபது கறிச்சட்டி, நாங்கள் காட்டக் காட்ட அவை போடுவினம், விலை எங்கயும் எழுதியிராது. நான் பெரிய றாலையும் மீன்சினையையும் கணவாயையும் விரலால காட்டிப் போட்டன், பரிமாறின தம்பியும் நல்ல மனசோட அள்ளி வச்சார், முடிவில ரெண்டு கோப்பைக்கும் 58 ரிங்கிட் எண்டு துண்டு வந்திட்டுது. கடைக்காரரில பிழை இல்லை, பெரிய றால் எங்க போனாலும் விலைதான், நான் கேட்டிருக்கவேணும். அடுத்த தரம் வேற கடையில தமிழிலயே, அண்ணே ஒரு கோழிக் காலும் வெண்டிக்காயும் போட்டு எல்லாக் கறியும் கலந்து ஊத்துங்கோ, எவ்வளவு வரும் எண்டு கேட்டன், 11 ரிங்கிட் எண்டார். அந்தக் கலந்து ஊத்துறதுக்கு பஞ்சிர் எண்டு சொல்லுவினம், வெள்ளம் எண்டு அர்த்தம். ருசியே அதுக்குள்ளதான் இருக்கு, கோழிக் கறி, மீன் கறி, இறைச்சிக் கறி எல்லாத்தின்ர குழம்பும் ஒண்டாச் சேந்து சோத்துக்க ஊறி வரேக்க. மாடு சாப்பிடாத ஆக்கள் மட்டும் மாட்டுக் குழம்பு வேண்டாம் எண்டு முதல்லயே சொல்லவேணும், அவை கோவிக்கமாட்டினம்.

சார் குவே தியாவ் எண்டது தட்டையான அரிசி நூடில்ஸை றால், மட்டி, முட்டை, பயத்தம் முளை போட்டு நெருப்பில வறுக்கிறது, ஒவ்வொரு கோப்பையாத்தான் வறுப்பினம், பத்துக் கோப்பையை ஒண்டா வறுக்கிற ஆளிட்டப் போகாதீங்கோ. 8, 9 ரிங்கிட் வரும், எங்கட ஊரில ஒரு கொத்துரொட்டிக்குக் குடுக்கிறதிலயும் குறைவு. சீன ஆக்களின்ர வண்டில்ல கூடுதலாப் பண்டிக் கொழுப்புப் போடுவினம், அம்மா அது தொடமாட்டா, அதால முஸ்லிம் ஆக்கள் வறுக்கிற இடத்தைத் தேடிப் போனனாங்கள், அதுவும் திறமாத்தான் இருந்தது. செண்டோல் வெய்யிலுக்குக் குடிக்கவேணும், ரம்பைச் சாறு விட்ட பச்சை மாவுத் துண்டுகள், துருவின ஐஸ், தேங்காய்ப்பால், பனங்கட்டிப் பாகு மாதிரி ஒரு கறுப்புப் பாகு.

இதெல்லாத்தையும் விட லக்சாவைத்தான் நான் சொல்லவேணும். ஆயர் ஈத்தாம் எண்ட இடத்தில, கெக் லோக் சி எண்ட பெரிய புத்த கோயிலுக்குக் கீழ சந்தை இருக்கு, அங்க ஒரு வண்டில்ல நாங்கள் ஒரு சின்னக் கோப்பை சொன்னனாங்கள். பெரிய பானையில குழம்பு கொதிச்சுக்கொண்டு நிக்குது. அந்த ஐயா கோப்பைக்குள்ள வெள்ளை நூடில்ஸை வச்சார், வழுக்கலாத் தடிப்பா இருக்கும், அதுக்கு மேல ஒரு அகப்பைக் குழம்பை ஊத்தினார், ஊத்திட்டு அதைத் திருப்பிப் பானைக்குள்ளயே வடிச்சார், பிறகும் ஊத்தினார், பிறகும் வடிச்சார், மூண்டு நாலு தரம். அம்மா எழும்பிப் பக்கத்தில போய் நிண்டு பாத்தவ, நூடில்ஸ் அடிவரைக்கும் சூடேறுறதுக்குத்தான் அப்பிடிச் செய்யிறார் எண்டு அவதான் எனக்கு விளங்கப்படுத்தினா. மேல வெள்ளரிக்காய், அன்னாசி, வெங்காயம், புதினா, செம்மிளகாய் எல்லாம் நீட்டு நீட்டா வெட்டினது, ஒரு கரண்டியில தார் மாதிரிக் கறுத்த றால் விழுது. அம்மா முதல் கரண்டியைக் குடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு, இது எங்கட கூழடா தம்பி எண்டா. யோசிச்சுப் பாத்தா சரிதான், மீனை அவிச்சு முள்ளெடுத்து உதிர்த்துப் போட்டு, புளி விட்டு, உறைப்புப் போட்டு, அது கூழ்தானே, ஒடியல் மாவும் பலாக்கொட்டையும் இல்லை அவ்வளவுதான். மீனும் எங்கட கும்பளாதான், அதுக்கு அங்க கெம்போங் எண்டு பேர். அம்மா அந்த ஐயாவிட்ட மீன் என்ன, புளி என்ன எண்டு தமிழில கேக்கிறா, அவர் தன்ர பாஷையில சொல்லி மீனை எடுத்துக் காட்டுறார், ரெண்டு பேருக்கும் விளங்குது. அந்தக் கோப்பை 7 ரிங்கிட். நாங்கள் ரெண்டாவது கோப்பையும் வேண்டினனாங்கள், சின்னதுதான்.

அந்தப் பக்கம் போறதுக்கு 204 பஸ், பெரி வந்து நிக்கிற ஜெட்டியில இருந்தும் கொம்தார் எண்ட உயரக் கட்டடத்தடியில இருந்தும் ஏறலாம், அதே பஸ் பினாங்கு மலை அடிவாரத்துக்கும் போகும். பஸ்ஸில காசு மாத்தித் தரமாட்டினம், சில்லறையைப் பெட்டிக்குள்ள போடவேணும், நான் 10 ரிங்கிட் தாளோட நிண்டு பின்னால நிண்ட ஒரு பிள்ளை எங்களுக்கும் சேத்துப் போட்டு விட்டது. ஒவ்வொரு நாளும் காலமை ரெண்டு பேருக்கும் வேண்டிய சில்லறையை எண்ணி ஒரு சின்னப் பேர்சுக்க போடுங்கோ. நகரத்துக்க சுத்துற கேட் பஸ் முழுக்கச் சும்மா, அதில ஏறி ஒரு வட்டம் போனாலே ஊரின்ர திசை பிடிபட்டிடும். மழைக்கு மட்டும் கிராப் எண்ட போன் அப்பில கார் பிடிச்சம், புரட்டாதி ஐப்பசியில அங்க பின்னேரத்தில கொட்டும், அதால நடக்கிற அலுவலெல்லாம் காலமையிலயே முடிச்சிடுங்கோ. மலை ரயிலுக்கு வெளிநாட்டு ஆக்களுக்கு நாங்கள் போகேக்க 30 ரிங்கிட், ரெண்டு பேருக்கு 60, அது எங்கட ஒரு நாள் சாப்பாட்டுக் காசு எண்டு நாங்கள் ஏறேல்லை. அதுக்குப் பதிலா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனம், 513 படி, சும்மா. அம்மா ஏழு மணிக்கு ஏறத் தொடங்கி ஒவ்வொரு திருப்பத்திலயும் இருந்து இருந்து ஏறினவ, மேல போய் நிண்டா கடலும் ஊரும் தெரியும்.

சனிக்கிழமை அம்மாக்குப் புரட்டாதிச் சனி, சைவம். அதை முதலே கணக்கில வச்சு லிட்டில் இந்தியாவுக்கு அந்த நாளை ஒதுக்கினனான். குயின் வீதியில மகாமாரியம்மன் கோயில், 1833இல கட்டினது, கும்பிட்டிட்டு வெளிய வந்தா ரெண்டு பக்கமும் சைவக்கடை, வாழையிலையில சோறு, சோறும் கறியும் திரும்பத் திரும்பப் போடுவினம். அங்க கன பேர் புரட்டாதி மாதம் முழுக்கவே மச்சம் சாப்பிடுறதில்லையாம், அதால கடையள் நிறைஞ்ச சனம். பக்கத்து மேசையில இருந்த ஒரு அக்கா எந்த ஊர் எண்டு கேட்டா, கிளிநொச்சி எண்டு அம்மா சொன்ன உடன கையைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. காசு மாத்துறதும் அந்த வீதியளிலதான் நல்லம், எயார்போட்டில கொஞ்சமா மாத்திப் போட்டு மிச்சத்தை அங்க ரெண்டு மூண்டு இடத்தில விலை கேட்டு மாத்துங்கோ.

எப்ப போகக்கூடாது எண்டும் சொல்லவேணும். சீனப் புதுவருசத்துக்கு சீன ஆக்களின்ர வண்டில் கனக்கப் பூட்டு, சாப்பாட்டுக்கெண்டு போற ஆக்களுக்கு அது வீண். நோன்பு மாதத்தில பகலில முஸ்லிம் கடையள் கனக்கத் திறக்காது, ஆனா பின்னேரச் சந்தை களைகட்டும். தைப்பூசத்துக்கு ரூம் கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சா விடாதீங்கோ, வழி முழுக்கத் தண்ணீர்ப்பந்தல் போட்டுச் சாப்பாடு குடுப்பினம், வெள்ளித்தேர் வரேக்க சீன ஆக்களும் தேங்காய் உடைப்பினம்.

திரும்பி வரேக்க பஸ்ஸில அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல, நாசி லெமாக் நாலு பொட்டலம் கட்டிக்கொண்டு ஏறினம். சாமான் எண்டு வேண்டினது சாதிக்காய் ஊறல் ஒரு போத்தல், அம்மாற்ற சிநேகிதியவைக்குக் கொஞ்சம் பிஸ்கட். அந்தக் கறுத்த றால் விழுது ஒரு டப்பா வேண்டித் தரச் சொல்லி அம்மா கேட்டவ, 7 கிலோக்கு மேல போயிடும் எண்டு நான் மறிச்சுப் போட்டன், அது மட்டும் எனக்கு இப்பவும் மனவருத்தம், என்ர ரெண்டு சேட்டை விட்டிட்டு வந்திருக்கலாம்.

கட்டுநாயக்காவில இருந்து வந்த பஸ் முறிகண்டியில விடிய நாலு மணிக்கு நிண்டது. அம்மா இறங்கித் தேங்காய் உடைச்சா. பிறகு கச்சான் விக்கிற பிள்ளையிட்டப் போய், பிள்ளை உதுக்கு மலேசியாவில காச்சாங் எண்டுதான் பேர் எண்டு சொல்லிக்கொண்டு நிண்டா, டிரைவர் ரெண்டு தரம் ஹோர்ன் அடிச்ச பிறகுதான் வந்து ஏறினவ.